மார்த்தாண்டக் கால்வாயை வெட்டியது வெள்ளைக்காரர்களா?

காஷ்மீரில் லித்தர் ஆற்றிலிருந்து மார்த்தாண்ட மேட்டுநிலத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை ஆங்கிலேயர்கள் வெட்டினார்கள் என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

அதை முதலில் வெட்டியவர் 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன். அவர் காலத்திலேயே வாழ்ந்த சமஸ்கிருதக் கவிஞர் ஜோனராஜர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அப்புறம், 1846 முதல் 1947 வரை காஷ்மீரை ஆண்டவர்கள் டோக்ரா மன்னர்கள்; ஆங்கிலேயரின் நேரடி ஆட்சி அங்கே நடக்கவே இல்லை.

சரி, ஆறு பள்ளத்தில் ஓட, மேட்டுக்குத் தண்ணீர் ஏறியது எப்படி? வெகுதூரம் மேலே போய், ஆறு உயரத்தில் ஓடும் இடத்தில் வாய்க்காலைப் பிரித்தார்கள். மலைச்சரிவை ஒட்டியே மெல்லிய வாட்டத்தில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். பம்பு இல்லாத காலத்தில் செய்த வேலை இது. செய்தவர்களின் பெயரைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.