கலைக்க அனுமதி உண்டு, சரி. பெற்றுக்கொள்ள?

“அமெரிக்காவுல அடிச்சுக்கட்டும், நமக்கு இங்க 1970லேயே அந்த உரிமை கிடைச்சாச்சு.” கருக்கலைப்புப் பேச்சு வந்தாலே நம் சிங்கப்பூர்த் தமிழர் வட்டத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிப் பேச்சை முடித்துவைப்பார். வாட்ஸ்அப் குழுவில் இதற்கு நாலு கட்டைவிரலும் விழும். எனக்கு மட்டும் கட்டைவிரல் எழ மாட்டேன் என்கிறது.

முதலில் சட்டத்தையே பார்த்துவிடலாம். நம் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவுப்படி கருவைக் கலைப்பது இன்றைக்கும் குற்றம். தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம். வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய சட்டம், கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, கருக்கலைப்புச் சட்டத்துக்கு உட்பட்டு என்று ஒரு வாசல் திறந்துவைத்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவர், அனுமதி பெற்ற இடம், 24 வாரத்துக்குள், பெண்ணின் எழுத்துபூர்வமான சம்மதம். இவ்வளவும் இருந்தால் குற்றமில்லை. கணவன் கையெழுத்து வேண்டாம், மாமியார் கையெழுத்து நிச்சயமாக வேண்டாம். உலகத்தில் பல நாட்டுப் பெண்களுக்குக் கிடைக்காத வசதி இது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குற்றத்திலிருந்து கிடைக்கும் விலக்கு ஒன்று, அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை வேறொன்று.

அந்த விலக்கு எப்படி வந்தது? 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் கிட்டத்தட்ட 40,000 பிரசவம். ஒரே மருத்துவமனையில், ஒரே வருஷத்தில். அந்த வருஷமே குடும்பக் கட்டுப்பாட்டுக்கு என்று தனி வாரியம் அமைத்தார்கள். 1969 கடைசியில் கருக்கலைப்பு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று ஆளுங்கட்சி விட்டுவிட்டது, நம் நாட்டில் அது அபூர்வம். 1970இல் நடைமுறைக்கு வந்தது, 1974இல் நிபந்தனைகள் இன்னும் தளர்ந்தன. அதே காலத்தில்தான் ‘இரண்டு போதும்’ சுவரொட்டிகள், மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு இல்லை, பிள்ளை கூடக் கூடப் பிரசவக் கட்டணமும் கூடும் என்ற விதிகள் எல்லாம். நம் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாவதைச் சுமந்தபோது கிளினிக்கில் வாங்கிய பேச்சை இன்னும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள்.

பெண்ணின் நலனைப் பற்றியும் அன்றைய விவாதத்தில் பேசினார்கள். கள்ளத்தனமாகக் கலைக்கப்போய் உயிரை விட்டவர்களின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது 1987இல் தெரிந்துவிட்டது. பிறப்பு விகிதம் விழுந்துகொண்டே போக, ‘முடிந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்’ என்று அரசாங்கம் திரும்பியது. அதோடு சேர்ந்து வந்தது கருக்கலைப்புக்கு முன் கட்டாய ஆலோசனை. அது முடிந்து 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். யோசிக்க அவகாசம் கொடுப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆலோசனை யாருக்குக் கட்டாயம் என்று பாருங்கள்: 2015 வரைக்கும், குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறி, மூன்று பிள்ளைக்குக் குறைவாக இருப்பவர்கள். தேறாதவளும், ஏற்கெனவே மூன்று பெற்றவளும், வெளிநாட்டுக்காரியும் யோசிக்காமலே கலைத்துக்கொள்ளலாம் என்பதுதானே இதற்கு அர்த்தம்? பெண்ணின் மனநிலைதான் கவலை என்றால் அவளுடைய பரீட்சை முடிவு எதற்கு? 2015இல் எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள், நல்லது. ஆனால் கிட்டத்தட்ட 30 வருஷம் அப்படித்தான் இருந்தது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1973இல் ரோ எதிர் வேட் வழக்கில், அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தில் உள்ள சுதந்திரத்துக்குள் கருக்கலைப்பு உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூனில் டாப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அடங்காது என்று சொல்லிவிட்டது. 49 வருஷ உரிமை ஒரு காலைப்பொழுதில் போயிற்று. “பார்த்தியா, நீதிபதி கொடுத்ததை நீதிபதியே பிடுங்கிட்டார். நம்ம சட்டம் நாடாளுமன்றச் சட்டம், அசையாது” என்று என் தம்பி அன்றைக்கே செய்தி அனுப்பினான். அவன் சொல்வதில் பாதி உண்மை. நம்முடையது அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. நிற்பதற்குக் காரணம், இதுவரைக்கும் அதை எடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை என்பதுதான். வந்தால் நீதிமன்றத்துக்குப் போய் என்ன சொல்வது?

நம் அரசமைப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, சட்டப்படியன்றி யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. இந்தியாவின் 21ஆவது பிரிவும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. அங்கே 2009இல் ஒரு வழக்கு. சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண், பாலியல் வன்கொடுமையால் கர்ப்பமானாள். கலைத்துவிடலாம் என்றது நிர்வாகம், உயர் நீதிமன்றமும் ஆமாம் என்றது. அவள் குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் இரண்டுமே 21ஆவது பிரிவின் தனிமனித சுதந்திரத்துக்குள் வரும் என்று எழுதியது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, 2014இல், ஆண்களுக்கிடையே உடலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு பற்றிய வழக்கில், 9ஆவது பிரிவின் சுதந்திரம் என்பது சட்டவிரோதமாகப் பிடித்து அடைத்துவைக்காமல் இருப்பது, அந்தரங்கமோ தன்னாட்சியோ அதற்குள் வராது என்று முடித்துவிட்டது. 377ஏவை நீக்கப் பிறகு 2022இல் நாடாளுமன்றம்தான் சட்டம் நிறைவேற்றியது.

சண்டிகர் வழக்கை நான் அடிக்கடி நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உரிமை என்றால் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். கலைக்கிறேன் என்பவளையும் காக்க வேண்டும், பெற்றுக்கொள்கிறேன் என்பவளையும் காக்க வேண்டும். நம் ஊரில் இரண்டாமவளுக்கு என்ன நடக்கிறது?

எங்கள் வீட்டில் என் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் அக்கா தஞ்சாவூர்ப் பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அக்காவை, கர்ப்பமா என்றும் பார்க்கும் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும், இது மனிதவள அமைச்சின் விதி. புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்தான். தாதி ஒரு பிளாஸ்டிக் கப்பை என்னிடம் நீட்டினார், அவரிடம் அல்ல. நான் வாங்கி அவரிடம் கொடுத்தேன். “ஏன்க்கா, எங்க வீட்டுக்காரரு ஊர்லல்ல இருக்காரு, எனக்கு எதுக்கு இந்தப் பரிசோதனை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என்னைவிட ஏழு வயது மூத்தவர், என்னை அக்கா என்கிறார், நானும் அவரை அக்கா என்கிறேன். கழிப்பறைக் கதவுக்கு வெளியே, அவருடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நாற்காலியில் காத்திருந்த தாத்தா ஒருவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

வொர்க் பர்மிட் எனும் வேலை அனுமதியில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண், குடிமகனையோ நிரந்தரவாசியையோ அமைச்சின் அனுமதியோடு மணந்திருந்தால் ஒழிய, இங்கே கர்ப்பமாகக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது. அது அவருடைய அனுமதியின் நிபந்தனை. மீறினால் அனுமதி ரத்து, ஊருக்கு விமானம். ஆனால் கருக்கலைப்புச் சட்டம் அதே பெண்ணுக்கு, வேலை அனுமதி உள்ளவர் என்ற முறையில், இங்கேயே கலைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஏஜண்டுக் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது எந்தக் கதவு வழியாக அவர் போவார்? விருப்பம் என்று அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கும்தான்.

குடியுரிமை உள்ள பெண்ணுக்கே பாதை சமமாக இல்லை. தாலி கட்டாமல் பிள்ளை பெறுபவளுக்கு 2017இலிருந்து 16 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. பிள்ளை பெறுபவர்களுக்கு அரசாங்கம் தரும் குழந்தை போனஸ் ரொக்கம் கிடையாது. பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை.

உயிர் எப்போது தொடங்குகிறது என்று கேட்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். 24 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளையும் மருத்துவர்கள் இப்போது பிழைக்கவைக்கிறார்கள், அந்த எல்லையைப் பற்றி நேர்மையாகப் பேசத்தான் வேண்டும். மனசாட்சி ஒப்பாத மருத்துவர் விலகிக்கொள்ளலாம் என்று நம் சட்டமே சொல்கிறது (தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் முடியாது), அதுவும் சரிதான். ஆனால் சிசுவுக்காக உருகுகிறவர்கள் அந்தப் பணிப்பெண் நிபந்தனையைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. பெண்ணுரிமை பேசும் என் தோழிகளும் அவ்வளவாகக் கேட்டதில்லை. வீட்டு வேலை யார் செய்வது என்ற கேள்வி வந்துவிடும் பாருங்கள்.

நான் எழுதப்போவது என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று தொடங்கினால் கடிதம் அங்கேயே மடியும், அதனால் சின்னதாகத்தான் கேட்கப்போகிறேன். கர்ப்பமான பணிப்பெண் ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு, அதே வேலைக்குத் திரும்பி வரும்படி அனுமதியை நிறுத்திவையுங்கள், ரத்து செய்யாதீர்கள். பரிசோதனை முடிவு அவரிடம் மட்டும் போகட்டும், முதலாளியான என்னிடம் வர வேண்டாம்.

“அப்புறம் எல்லாரும் இங்க வந்து பெத்துக்குவாங்க, பிள்ளைக்குக் குடியுரிமை கேப்பாங்க” என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: இந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் யாருக்கும் இங்கே குடியுரிமை வராது. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பயம் வேண்டாம். வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.