வெளிக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள்

நம் பாட்டுகளைச் சேர்த்துவைத்துப் போனுக்கு அனுப்பும் வீட்டுக் கணினிக்கு, அதாவது வீட்டுப் பாட்டு சர்வருக்கு, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளே நல்லது, இன்டர்நெட் எப்போதும் வேண்டும் என்பது இந்தக் காலத்தில் ஒரு குறையே இல்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எழுதியவர் கோலாலம்பூர் செந்தூலில் சாயங்கால மழையைப் பார்த்ததில்லை போலும்.

போன நவம்பரில் இடி விழுந்து எங்கள் மோடம் போய்விட்டது. மாற்றித் தர ஐந்து நாள். அப்பாவின் கேசட்டுகள், மஸ்ஜிட் இந்தியாவில் வாங்கிய சிடிகள் என்று நான் ஏற்றி வைத்த பாட்டெல்லாம் ஹாலில் உள்ள ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. ஆனால் நான் வாங்கியிருந்த மென்பொருள், கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை என்று கதவைச் சாத்திவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் ரேடியோவில் மின்னல் எஃப்எம் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

போனுக்கும் சர்வருக்கும் நடக்கும் பேச்சு ரவுட்டரோடு முடிந்துவிடும். லைசென்ஸ் சோதனையையும் பாட்டுத் தேடலையும் மென்பொருள் கம்பெனி வெளியே இன்டர்நெட்டில் கொண்டுபோய் வைப்பதால்தான் இந்தத் தொல்லை. இப்போது நேவிட்ரோம் என்ற பாட்டு சர்வர் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். இலவசம், ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலேயே ஓடுகிறது, பாட்டுப் பட்டியலும் வீட்டிலேயே இருக்கிறது. நெட் இல்லாவிட்டால் பாடகர் படம் புதிதாக வராது, அது போகட்டும். லாஜிடெக் 2024-இல் மைஸ்குவீஸ்பாக்ஸ் என்ற தன் இன்டர்நெட் பாட்டுச் சேவையை மூடியபோதும் அதன் வீட்டு சர்வர் மென்பொருள் லிரியன் என்ற பெயரில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வாங்குமுன் ரவுட்டரை அணைக்காமல், அதற்கு இன்டர்நெட் கொண்டுவரும் வெளிக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டுப் பாட்டுக் கேளுங்கள். அப்புறம் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். என்னுடையது அங்கேதான் மாட்டிக்கொண்டது.