பச்சை குத்தப் போறியா மக்கா? போறதுக்கு முந்தி இதைப் படி

டாட்டூன்னாலே 'கலாச்சாரம் போச்சு'ன்னு புலம்புற அண்ணாச்சிமார் கட்சியில நான் இல்ல. நம்ம ஆச்சிமார் கையில கோலமும் தேளும் குத்தாதவங்க யாரு? விளக்குக் கரியையும் ஊசியையும் வச்சு திண்ணையில உக்காந்தே குத்திக்கிட்டவங்கதான். அதனால குத்துறதே தப்புன்னு சொல்ல வரல. எதைக் குத்துறோம், எந்த இடத்துல குத்துறோம், அதை யாரெல்லாம் பார்க்கப் போறாங்கன்னு யோசிக்காமப் போய் கையை நீட்டுறதுதான் எனக்குப் பிடிக்கல.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் விடிகாலையில பாளையங்கோட்டை மைதானத்துல ஓடுற பயலுவ பாதிக்கு மேல மிலிட்டரி, போலீஸ் கனவுலதான் ஓடுதானுவ. அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லுதேன். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் மாதிரி மத்தியப் படைகளுக்கு ஆள் எடுக்கும்போது டாட்டூவுக்குன்னே விதி இருக்கு. சாமி உருவமோ பேரோ இருக்கலாம். ஆனா சல்யூட் அடிக்காத இடது கையில, முன்னங்கை உள்பக்கமோ புறங்கையோதான். அளவும் அந்த இடத்துல கால் பங்குக்குள்ள இருக்கணும். கழுத்துல சிங்கத்தைக் குத்திட்டு ஓட்டத்துல முதலா வந்தாலும், மெடிக்கல்ல திருப்பி அனுப்பிருவான். படை சேரணும்னு நினைக்கிறவன் அந்த அறிவிப்பை வரி விடாம வாசிச்சிட்டு அப்புறம் கடைக்குப் போகட்டும்.

உடம்பு விசயம். மேல்தோல் உதிர்ந்து புதுசா வந்துக்கிட்டே இருக்கும். மை அதுக்கு அடியில உள்ள தோல்ல போய் உக்காருது. அங்க இருக்குற செல்லு மையை முழுங்கி வச்சுக்கிடுது, அது செத்தா பக்கத்து செல்லு எடுத்துக்கிடுது. அதான் வருசக்கணக்கா அழியாமக் கிடக்கு. ஊசி ரத்தத்தைத் தொடுதுங்கிறதுனால மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி மூணுக்கும் வழி உண்டு. இதுல பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைக்கும்கூட உயிரோட இருக்கும். கோயில் கொடை, திருவிழாக் கூட்டத்துல சின்ன மெஷினை வச்சுக்கிட்டு ஒருத்தன் மாத்தி ஒருத்தனுக்குக் குத்துறானே, அங்க கையை நீட்டவே நீட்டாத. ஊசி பாக்கெட்டை உன் கண்ணு முன்னால பிரிக்கணும், மையைப் புதுக் கிண்ணத்துல ஊத்தணும், கையுறை புதுசா போடணும். கேட்டா மூஞ்சியைச் சுளிக்கிற கடையா இருந்தா எந்திரிச்சு வந்திரு. சொரியாசிஸ்ங்கிற, செதில் செதிலா உதிர்ற தோல் நோய் இருக்குறவங்களுக்குக் குத்துன இடத்துலயே அது கிளம்பலாம். காயம் ஆறுனா தழும்பு புடைச்சு வளர்ற உடம்புக்காரங்க நெஞ்சு, தோள்பட்டை பக்கம் போகவே கூடாது. சீசன் நேரத்துல குத்திட்டு மறுநாளே குற்றாலத்துல போய் நிக்கிற கூத்தும் வேண்டாம், காயம் ஆற ரெண்டு மூணு வாரம் ஆகும். ஒரு வருசத்துக்கு ரத்தமும் கொடுக்க முடியாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்களுக்கு ரத்தம் தேடி அலைஞ்சவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விசயம்னு.

இதெல்லாம் எந்த ஊர்க்காரனுக்கும் பொருந்தும். நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இங்க கையில கட்டுற கயிறோட கலரை வச்சே யாரு என்ன சாதின்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பிளஸ் டூ படிச்ச பையனை, அதே பள்ளிக்கூடத்துப் பயலுவ வீடு புகுந்து வெட்டுனாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல சாதிச் சண்டையைத் தடுக்க வழி கேட்டு அரசு அமைச்ச ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு. கலர் கயிறு, மோதிரம், நெத்தித் திலகம் எதுவும் பள்ளிக்கூடத்துல கூடாதுன்னு அதுல பரிந்துரை. கயிறுன்னா வாத்தியார் கழட்டச் சொன்னதும் கழட்டிரலாம். முன்னங்கையில சாதித் தலைவர் முகத்தையும் அருவாளையும் குத்திட்டு வந்தவன் எதைக் கழட்டுவான்?

பதினாறு வயசுல கூட்டாளி உசுப்பேத்துனான்னு குத்தியிருப்பான். முப்பது வயசுல கோயம்புத்தூர்ல வாடகை வீடு தேடும்போது வீட்டுக்காரர் கண்ணு முதல்ல அந்தக் கைக்குத்தான் போகும். ஊர்ல கலவரம்னா, அந்தக் கையோட பஸ்ல ஏறவே பயப்படணும். நாளைக்கு அவன் மகன் படிச்சு, எல்லாச் சாதிக்காரனும் வர்ற கல்யாணத்துல அப்பா கையைப் பார்த்து முழுக்கைச் சட்டை போடச் சொல்லுவான். சாமிப் படம், பொண்டாட்டி பேரு குத்துனவனுக்கு இந்தக் கவலை கிடையாது. (காதலி பேரு வேற கதை, அதுக்குத் தனிப் பதிவு போடணும்.)

'லேசர் இருக்குல்லா'ன்னு கேப்பீங்க. இருக்கு. பல தடவை, வாரக்கணக்குல இடைவெளி விட்டுப் போகணும். கருப்பு மை ஓரளவு போகும். பச்சை, மஞ்சள் அவ்வளவு லேசுல போகாது. நம்ம மாநிறத் தோல்ல வெள்ளைத் திட்டு விழுகிற வாய்ப்பும் இருக்கு. எடுக்கணும்னா தோல் டாக்டர்ட்ட போங்க. பியூட்டி பார்லர்லயோ, ஆன்லைன்ல விக்குற கிரீம்லயோ கையை வைக்காதீங்க.

நம்ம டவுன்லயும் வண்ணாரப்பேட்டையிலயும் கடை வச்சிருக்கிற தம்பிமாருக்கு ஒண்ணு. மீசை முளைக்காத பய சாதிப் பேரை எழுதச் சொல்லி வந்தா, 'இந்த டிசைன் நான் போடுறதில்லை தம்பி'ன்னு அனுப்பிருங்க. அந்த ரெண்டாயிரம் ரூபாயை வேற யாராவது வாங்கிட்டுப் போகட்டும்.