போட்சி-ஜினோரியும் கூச்சியும்: ஒரு திருத்தம்

"போட்சி-ஜினோரி வாஷ்பேசின் இப்போது கூச்சி நிறுவனத்தின் சொத்து, 1735 முதல் ஒரே கம்பெனி" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். போட்சி-ஜினோரி என்பது இத்தாலியக் குளியலறைச் சாதன பிராண்ட்; கூச்சி என்பது இத்தாலிய ஃபேஷன் நிறுவனம். பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம் இது.

1735-இல் ஃபுளோரன்ஸ் அருகே தோச்சாவில் கார்லோ ஜினோரி பிரபு தொடங்கியது பீங்கான் ஆலை. தட்டு, கோப்பை, சிற்பங்கள்தான் அதன் புகழ். 1896-இல் மிலானின் ரிச்சர்ட் நிறுவனத்தோடு இணைந்து ரிச்சர்ட்-ஜினோரி ஆனது.

குளியலறைச் சாதனங்கள் செய்த போட்சி வேறு கம்பெனி. 1970-களில்தான் அதுவும் ரிச்சர்ட்-ஜினோரியும் இணைந்தன. அப்படி வந்ததே போட்சி-ஜினோரி என்ற பெயர். பிறகு குளியலறைப் பிரிவு தனியாகப் பிரிந்து, குளியலறைச் சாதனங்கள் செய்யும் சானிடெக் குழுமத்துக்குப் போனது. 2015-இல் சானிடெக்கையே சுவிட்சர்லாந்தின் குளியலறைச் சாதன நிறுவனமான கெபெரிட் வாங்கிவிட்டது.

கூச்சி 2013-இல் வாங்கியது, திவாலாகி நின்ற ரிச்சர்ட்-ஜினோரி பீங்கான் ஆலையை மட்டும். வாஷ்பேசினுக்கும் கூச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "கூச்சி தயாரிப்பு" என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.