அட்டையில் வராத வசனம்

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எல்லார் கையிலும் ஓர் அட்டை இருக்கும். வாக்குத்தத்த வசனம்; அந்த வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்காக, பெட்டிக்குள்ளிருந்து சீட்டு எடுப்பதுபோல் எடுக்கும் பைபிள் வசனம். "உனக்கு என்ன வந்துச்சு?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம். எனக்கு இந்த வருஷம் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." சந்தோஷமாக போன் கவருக்குள் செருகிக்கொண்டேன். அதற்கு முந்தின வசனத்தை மட்டும் எந்த அட்டையிலும் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள்.

நாளுக்கு ஒரு வசனம் என்பது பழைய வழக்கம். 1728ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ப் பிரபு ஆரம்பித்தார். வீடு வீடாகப் போய் அன்றைய வசனத்தைச் சொல்வார்கள். 1731 முதல் புத்தகமாகவே வருகிறது. பெயர் 'லோசுங்'. காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குச் சொல்லிவைக்கும் அடையாளச் சொல்லுக்கும் அதே பெயர்தான். அங்கேயும் சீட்டுப் போட்டுத்தான் வசனம் எடுக்கிறார்கள். ஆகவே சீட்டில் தப்பில்லை; பெட்டிக்குள் நாம் எதைப் போடுகிறோம் என்பதில்தான் என் வருத்தம். ஆசீர்வாதம் மட்டும்தான் போடுகிறோம். ஒரு கட்டளைகூட இல்லை. (எங்கள் சபையில் இதற்கு இரண்டு பேராவது கோபிப்பார்கள். பரவாயில்லை.)

சரி, என் கதைக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். ஹாலில் "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்ற பலகை உண்டு. பெயிண்டர் அண்ணன்தான் கழற்றித் துடைத்து வைத்தார். சுவர் காய்ந்ததும் அவரே மாட்டினார். ஸ்டூலில் நின்றபடியே, "சார், நேரா இருக்கா பாருங்க" என்றார். நேராகத்தான் இருந்தது. கூலியில் 2,300 ரூபாய் பாக்கி. "பண்டிகை முடியட்டும்ணே, பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம் மறந்தேபோனேன்.

ஒரே வருஷத்தில் பைபிளை முடிக்க உட்காருகிறவர்களுக்குத் தெரியும், பிப்ரவரி முதல் வாரம் லேவியராகமம் வந்துவிடும், பழைய ஏற்பாட்டின் சட்டப் புத்தகம். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவோம். நானும் பஸ்ஸில் சும்மா கண்ணை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். 19:13. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது. நான் நாற்பது விடியலைத் தாண்டியிருந்தேன்.

இயேசு வந்த பிறகு இது கிருபையின் காலம், பழைய சட்டத்தின் காலமல்ல; இப்போது போய் லேவியராகமமா என்று ஒரு நண்பர் கேட்டார். அதே அதிகாரத்தில் இரண்டு வித நூல் கலந்த உடுப்பு ஆகாது என்றும் இருக்கிறதே, உன் சட்டை பாலியஸ்டர் காட்டன்தானே என்று மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் புதிய ஏற்பாட்டில் நிருபம் எழுதிய யாக்கோபு நூல் கணக்கை எடுத்துவரவில்லை, கூலிக் கணக்கை எடுத்துவந்தார். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார், யாக்கோபு 5:4ல். தன்னைப்போல் பிறனை நேசிக்கச் சொல்லும் வசனம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதுவும் அதே லேவியராகமம் 19ல்தான் இருக்கிறது, கூலி வசனத்துக்கு ஐந்தே வசனம் தள்ளி.

"நீங்கள் என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் மெய்யாகவே என் சீஷராயிருப்பீர்கள்" என்றார் இயேசு. நாம் சீஷனை எண்ணுவது வேறு விதம். எத்தனை தடவை பைபிளை முடித்தான், எத்தனை வசனம் ஒப்பிப்பான்? ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன்தான் நானும். அதே கேள்வியை நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடமோ, கொத்தனாரிடமோ கேட்டால் வேறு கணக்கு வரும். அவர்கள் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

பஸ்ஸில் இருந்தே ஜிபேயில் பணத்தை அனுப்பினேன். இறங்குவதற்குள் போன் வந்தது.

"சார், ரெண்டாயிரத்து முந்நூறு வந்திருக்கு. வேற யாருக்கோ போடவேண்டியதை எனக்குப் போட்டுட்டீங்களா?"