டிக்கெட் இலவசம், பஸ்தான் இல்லை

என் பெரியம்மாவுக்கு 78 வயது. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். மூன்று பிள்ளைகள்: திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். அந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரைக்கு அவர் அலைவதில்லை. அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கும் பக்கத்துத் தெருப் பெண்ணே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2024-ல் ஐ.நா. விருது கிடைத்த திட்டம். கிடைக்க வேண்டியதுதான்.

ஆனால் மாத்திரை வீடு தேடி வருவது வேறு, டாக்டர் ஆளைப் பார்ப்பது வேறு. போன வருடம் பெரியம்மாவுக்கு எழுந்தாலே கிறுகிறுப்பு. அடுப்படியிலிருந்து கூடத்துக்குச் சுவரைப் பிடித்தபடி வந்தார். "வயசாச்சுல்ல" என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். காரணம், பஸ். ஆரம்ப சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர். காலை பஸ்ஸை விட்டால் மதியம்தான். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், சரி, வண்டி வர வேண்டுமே! ஆட்டோ என்றால் போக வர 500 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். ஓபி சீட்டுக்கு இல்லை.

ஒருவழியாகக் கூட்டிப் போனேன். புது டாக்டர். மஞ்சப்பையிலிருந்த நோட்டைப் புரட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். பத்தே நாளில் கிறுகிறுப்பு போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு இரண்டு மாதம்.

பழைய டாக்டர் பிஜி படிக்கப் போய்விட்டாராம். மாநில ஒதுக்கீட்டு மேற்படிப்பு இடங்களில் பாதி அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. அந்த ஆசைதான் இளம் டாக்டர்களைக் கிராமத்துக்குக் கொண்டுவருகிறது, அதுவேதான் கூட்டியும் போய்விடுகிறது. அந்தச் சலுகையை எடுத்தால் வருகிறவர்களும் வர மாட்டார்கள். அதனால் அதில் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தலையை எண்ணிப் போட்ட கணக்கில் முழங்கால் வலிக்கு ஏது இடம்?

நான் கேட்பது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. பெரியம்மா ஊரில் நர்ஸ் இருக்கும் துணை சுகாதார நிலையம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தேதி மாறாமல், டாக்டர் அங்கே வந்து உட்காரட்டும். மாற்றலாகிப் போகிறவர் அடுத்தவருக்காக நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.

நேற்று போனில் பெரியம்மா சொன்னார்: "இந்த டாக்டரு நல்ல பையன்யா. இவரும் பரீட்சைக்குப் படிக்கிறாராம்."