பிள்ளைபிடிகாரன்

லண்டனில் எங்கட ஆக்களிட்ட ‘சோசல் சேர்விஸ்’ (கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி சபையின் சமூக சேவைப் பிரிவு) என்று வாயெடுத்துப் பாருங்கள், உடனே ஒரு கதை வரும். ஈஸ்ட்ஹாமில ஒரு தகப்பன் பிள்ளைக்கு அடிச்சதாம், பிள்ளை பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டுதாம், பின்னேரமே கவுன்சில்காரர் வந்து பிள்ளையைக் கொண்டு போட்டினமாம். எந்தக் குடும்பம் என்று கேட்டால் சொல்பவருக்கே தெரியாது. சின்ன வயதில் எங்களைச் சோறு தின்னவைத்த பிள்ளைபிடிகாரன் கதைதான் இது, ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? சோசல் வேர்க்கர் தன்பாட்டில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி, தாய் தகப்பன் சம்மதிக்காவிட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். அவசரக் கட்டளைகூட முதலில் 8 நாளுக்குத்தான். கட்டளை இல்லாமல் பிள்ளையைப் பாதுகாப்பில் எடுக்கும் அதிகாரம் பொலிசுக்கு உண்டு, அதுவும் 72 மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. பள்ளிக்கூடம் தகவல் கொடுத்தால் என்ன செய்வதென்று கவுன்சில் ஒரு வேலைநாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். வெறும் உதவியோடு முடிகிற விசயங்களும் உண்டு. ஆனால் அப்படி முடிந்த கதையை யாரும் கோயில் வாசலில் நின்று சொல்வதில்லை.

(பிள்ளைக்கு அடிப்பதை ஸ்கொட்லாந்து 2020 இலும் வேல்ஸ் 2022 இலும் முற்றாகத் தடை செய்துவிட்டன. இங்கிலாந்தும் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் தனியாக வரவும்.)

அதற்காகக் கவுன்சிலைக் கும்பிடச் சொல்லவில்லை. ஐவரி கோஸ்டில் இருந்து வந்த விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பெப்ரவரியில் லண்டனில் செத்துப்போனாள். உடம்பில் 128 காயங்கள். கொன்றவர்கள் அவளை வளர்க்கவென்று கூட்டிவந்த பெரியத்தையும் (தகப்பனின் அத்தை) அந்த மனுசியின் காதலனும். ஈலிங், பிரெண்ட், ஹரிங்கே, என்ஃபீல்ட் என்று நான்கு கவுன்சில்களின் சமூக சேவைகளுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருந்தது. எல்லாம் நாங்கள் கடை போட்டு, கோயில் கட்டி, தேர் இழுக்கிற இடங்கள். இரண்டு ஆஸ்பத்திரிகள் அவளைப் பார்த்தன. பொலிசும் அறிந்திருந்தது. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்களை 2003 இல் லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை எண்ணிக் காட்டியது.

அந்த அறிக்கையில் என்னை உறுத்துவது ஒரு சின்ன விசயம். பெரியத்தையின் முன்னால் அந்தப் பிள்ளை விறைத்துப்போய் நிற்கும். பார்த்தவர்களுக்கு அது பயமாகத் தெரியவில்லை. அவர்களுடைய கலாசாரத்தில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். ‘எங்கட கலாசாரம் உங்களுக்கு விளங்காது’ என்று ரீச்சர்மாரிடம் வாதாடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்காவது பள்ளிக்கூடம் என்று ஒரு கண் இருக்கிறது. வயது போனவர்களை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் பக்கத்தில் முதியோர் கூடி மத்தியானம் சாப்பிடும் மண்டபம் ஒன்று உண்டு. அங்கே வரும் ஒரு அம்மா வடையையும் வாழைப்பழத்தையும் ரிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைப்பா. “வீட்டில சாப்பாடு இல்லையா அம்மா?” என்று கேட்டேன். “இருக்குத் தம்பி. பிரிட்ஜைத் திறந்தா மருமகளுக்குப் பிடிக்காது.” பென்சன் வரும் பாங்க் கார்ட் மகனிடம். கேட்டால் “அவன்தானே எல்லாம் பாக்கிறான்” என்பா. டொக்டரிடம் போனாலும் மொழிபெயர்ப்பு அதே மகன்தான். பிறகு அந்த அம்மா டொக்டரிடம் எதைச் சொல்வது?

எங்கட ஊர்ப் பேச்சில் இதற்குப் பெயர் ‘வீட்டுப் பிரச்சினை’. சட்டத்தின் கண்ணில் இது பணத் துஷ்பிரயோகமும் புறக்கணிப்பும். 2014 ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42 ஆம் பிரிவு சொல்வது இதுதான்: பராமரிப்புத் தேவைப்படும் ஒருவர் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகிறார், அந்தத் தேவை காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார் என்ற சந்தேகம் நியாயமாக எழுந்தால், கவுன்சில் விசாரிக்கவே வேண்டும். கவுன்சிலின் எல்லைக்குள் இருந்தால் போதும், நிரந்தரமாக அங்கே வசிப்பவராக இருக்கத் தேவையில்லை.

அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே பயம். “மகனை ஜெயிலில போட்டுடுவினமோ?” ஆளைக் கேட்டு, அவ தலையாட்டின பிறகுதான் கவுன்சிலுக்குப் போன் அடித்தேன். வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் மண்டபத்திலேயே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு அவவைத் தனியே இருத்திக் கதைத்தார்கள். உங்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வியாம். எனக்கே ஆச்சரியம். மகன் ஜெயிலுக்குப் போகவில்லை. கார்ட் அம்மாவின் கைக்கு வந்தது. மருமகளின் ஏச்சு நின்றதா என்றால், இல்லை.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. சுயபுத்தியோடு இருக்கும் ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் பெரும்பாலும் கவுன்சிலின் கை கட்டப்பட்டுவிடும். ஒரு வகையில் அது சரி. சரியில்லாதது, கதவைத் திறக்கிற மகன் “அம்மா நித்திரை” என்று சொல்லிச் சாத்துவது. உள்ளே போய் அம்மாவைத் தனியே சந்திக்க இந்தச் சட்டம் இங்கிலாந்தில் சோசல் வேர்க்கருக்கு அதிகாரம் தரவில்லை. ஸ்கொட்லாந்து அதை 2007 இலேயே கொடுத்துவிட்டது. எலெக்சனுக்கு வோட்டுக் கேட்டு, வேட்டி கட்டிக்கொண்டு பொங்கலுக்கு வருகிற எம்.பி.மாரிடம் இதைக் கேளுங்கள். படம் எடுத்த பிறகாவது.

தகவல் சொல்ல நினைக்கிறவர்களுக்கு: உங்கள் கவுன்சிலின் இணையத்தளத்தில் பிள்ளைகளுக்கு ஒரு இலக்கமும் பெரியவர்களுக்கு வேறொரு இலக்கமும் இருக்கும். இரவிலும் வார இறுதியிலும் அவசரப் பிரிவு எடுக்கும். உயிராபத்து என்றால் 999. உங்கள் பெயரைச் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு இங்கிலீஸ் ஓடாது என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வீட்டு ஆள் வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.